இருமல் இல்லாமலும் புரையேறும்

குழந்தைக்குப் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்போம். இருமுகிற குழந்தையைக் கண்டுபிடிப்பது சுலபம். பால் மூச்சுக்குழாயில் இறங்கியும் இருமாத குழந்தைதான் ஏமாற்றிவிடும். தொண்டையில் உணர்வு மந்தமாக இருந்தால் இருமல் கிளம்பாது. குறைமாதக் குழந்தைகளிடமும், மூளைவாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடமும் இதைப் பார்க்கலாம்.

அதனால் இருமலை மட்டும் நம்பாதீர்கள். குடித்த கையோடு மூச்சிலோ அழுகையிலோ சளி கட்டியதுபோல் ஈரமான கரகரப்பு, கண் கலங்குவது, ஒரு வேளைப் பாலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது, எடை ஏறாதது, திரும்பத் திரும்ப நிமோனியா: இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். நெற்றி வியர்த்து மூச்சும் இரைத்தால் இதயத்தையும் பார்க்கவேண்டும். வாயைச் சுற்றி நீலம் பாய்ந்தால் பாலை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிதான்.

நம் வீடுகளில் தவறு பெரும்பாலும் சங்கில்தான் நடக்கிறது. சங்கோ, பால் புகட்டும் பாலாடைக் கிண்ணமோ கெட்டதல்ல, ஊற்றும் விதம்தான் கெடுக்கிறது. காலில் மல்லாக்கப் போட்டு, அழும் வாயில் ஊற்றினால், மூச்சை இழுக்கும் அந்த நொடியில் பாலும் சேர்ந்து போகும். முழித்திருக்கும் குழந்தையைச் சாய்வாக நிமிர்த்தி, தலையும் கழுத்தும் நேராக இருக்கப் பிடியுங்கள். பாலாடை முனையைக் கீழுதட்டின் ஓரத்தில் வையுங்கள். சிறிது சரித்து, விழுங்கி ஒரு மூச்சு விட்டபிறகே அடுத்தது. மூக்கைப் பிடித்து மருந்து ஊற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் ஒழுங்கு கர்ப்பத்தின் 34-ஆவது வாரத்தை ஒட்டித்தான் கைகூடத் தொடங்கும். பாட்டிலில் குடிக்கும் குறைமாதக் குழந்தையை ஒருக்களித்துப் பிடித்து, மெதுவாக வரும் நிப்பிள் போட்டு, மூன்று நான்கு முறை உறிஞ்சியதும் பாட்டிலைத் தாழ்த்தினாலே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீரும்.

தீராவிட்டால் பரிசோதனை. எக்ஸ்ரேயில் தெரியும் பேரியத்தைப் பாலில் கலந்து கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவில் பக்கவாட்டில் பார்ப்பார்கள். பசியோடு கூட்டிப்போங்கள், வழக்கமான பாட்டிலையும் கிண்ணத்தையும் எடுத்துப்போங்கள். பாஸா ஃபெயிலா என்று கேட்பதைவிட, எந்த நிலையில், எந்த வேகத்தில், எவ்வளவு கெட்டியாகக் கொடுத்தால் பத்திரமாக இறங்குகிறது என்று கேளுங்கள். தாய்ப்பால் குடிக்கும்போதே பார்க்கவேண்டுமானால் மூக்கு வழியாகக் கேமரா விடும் முறை இருக்கிறது. அதில் கதிர்வீச்சும் இல்லை.

டாக்டர் பாலைக் கெட்டியாக்கச் சொன்னால் கண் அளவு போதாது. 10 மில்லி சிரிஞ்சின் பிஸ்டனை உருவி, முனையை விரலால் மூடி, கெட்டியாக்கிய பாலை 10 மில்லி வரை ஊற்றுங்கள். விரலை 10 விநாடி எடுத்துவிட்டு மூடுங்கள். மிச்சம் 1 முதல் 4 மில்லி என்றால் கெட்டித்தன்மையில் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாம் நிலை. சிரிஞ்சுகள் ஒரே நீளமில்லை. பூஜ்யத்திலிருந்து 10 மில்லி கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்கவேண்டும்.

ஆனால் நீங்களாகக் கெட்டியாக்காதீர்கள். சாந்தன் கம் என்ற பசை கலந்த, கெட்டியாக்கும் பொருள் ஒன்றைக் குறைமாதக் குழந்தைகளுக்குத் தரவேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011-இல் எச்சரித்தது. குடல் அழுகும் ஆபத்துதான் காரணம். அரிசி மாவும் தாய்ப்பாலில் நிற்காது. பாலிலுள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால், கலக்கும்போது கெட்டியாக இருந்தது குடித்து முடிப்பதற்குள் நீர்த்துவிடும்.