பால்கனியில் உறைந்த தொதல்

கீழக்கரையில் உம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஜனவரி மாதம். எனக்கு மின்விசிறி வேண்டும், உம்மம்மாவுக்குச் சால்வை வேண்டும். இரண்டும் நடக்கிறது. "தைப்பனி தரையைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க?" என்கிறார். நான் ஜெர்மனியில் இருக்கும் நியூரம்பெர்க்கிலிருந்து கிளம்பிய காலையில் மைனஸ் ஆறு டிகிரி. அதைச் சொன்னதும், "அல்லாவே! அங்க மனுசங்க என்னத்தைத் தின்னுட்டு உசிரோட இருக்காங்க?" என்று கேட்டார்.

நல்ல கேள்விதான். அதற்குப் பதில் தெரிய எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது.

முதல் குளிர்காலத்தில் நான் ஒன்றுமே தின்னவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சோறும் ஆணமும் இருந்தன, மனசு இல்லை. டிசம்பரில் அங்கே விடிய எட்டு மணி ஆகும், நாலேகாலுக்கு இருட்டிவிடும். மஃரிப் தொழுதுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் நாலரை. ஆறரைக்கெல்லாம் இஷாவும் முடிந்துவிடும். அப்புறம் படுக்கும் வரை என்ன செய்வது? ஊருக்குப் போன் போட்டால் இங்கே எல்லாரும் தூங்கியிருப்பார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அந்த நாலு மாதத்தை ஓட்டினேன். ஊரெல்லாம் திருவிழாவாக இருக்கிறது என்று மாப்பிள்ளை (என் கணவர்) சொல்வார். கிறிஸ்துமஸ் சந்தையில் நமக்கென்ன வேலை, எல்லாம் மதுவும் பன்றியும்தானே என்று நான் எழுந்திருக்கவே மாட்டேன்.

இரண்டாம் வருடம் கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். கையில் ஒரு தட்டு, அதில் பிறை பிறையாகச் சீனித்தூள் போர்த்திய பிஸ்கட். வனில்கிப்ஃபெர்ல் என்று பெயர். பாதாம் அரைத்துப் போட்டது, வாயில் வைத்தால் மணலாக உதிரும். என் மகன் பார்த்தவுடனே, "உம்மா, பெருநாளுக்குப் பிறை தெரிஞ்சிருச்சு" என்றான். அதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பாட்டிக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவர், சனிக்கிழமை அடுப்படிக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமைதான் திருப்பம். நியூரம்பெர்க் லெப்குகன் என்கிற மசாலா பிஸ்கட்டுக்குப் பேர்போன ஊர். 14ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே இதைச் செய்கிறார்கள். நம் ஊர் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே, அதுபோல 1996 முதல் இந்தப் பெயருக்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு உண்டு. நகர எல்லைக்குள் செய்தால்தான் நியூரம்பெர்க் லெப்குகன். அதிலும் உசத்தி எலிசன் லெப்குகன். கொட்டைப் பருப்பு குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாட்டி அந்த 10 சதவீதமும் போடவில்லை. "மாவு கடைக்காரனுக்கு லாபம்" என்றார்.

மசாலாப் பொட்டலத்தைப் பிரித்து என் மூக்கருகே நீட்டினார். பட்டை, கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கொத்தமல்லி, சோம்பு மாதிரி ஒன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகை இல்லை, பசி. கல்யாண வீட்டில் நெய்ச்சோற்றுச் சட்டியைத் திறந்த வாசம் அது. கப்பலேறிப் போன சாமான் அங்கே போய்ச் சீனியோடு குடித்தனம் நடத்துகிறது. கப்பல் வணிகம் செய்த மரைக்காயர் ஊரில் பிறந்தவளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் ஆச்சரியப்பட்டேன்.

மறுபடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் மான்கொம்பு உப்பு. நான் கையை இழுத்துக்கொண்டேன். எந்த மான், யார் அறுத்தது? பாட்டி மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பின்னால் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார்: அம்மோனியம் பைகார்பனேட். பெயர் மட்டும்தான் பழசு, பண்டம் வெறும் ரசாயனம். அடுப்பு சூடானதும் அது தன் குணத்தைக் காட்டியது. கதவைத் திறந்தால் குப்பென்று மூக்கில் ஏறுகிறது. சுறாக் கருவாடு காயப்போட்ட கரையில் நடந்தவர்களுக்கு அந்த நெடி தெரியும். பட்டை கிராம்பு வாசத்துக்கு நடுவே ஒரு நிமிடம் எங்கள் கடற்கரையே வந்து நின்றுவிட்டுப் போனது. ஆறியதும் நெடி துளிக்கூட இல்லை.

செய்வது பெரிய வித்தையில்லை. முட்டை, சீனி, தேன், அரைத்த பருப்பு, சீனிப்பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், மசாலா. இந்தக் கலவையைக் காகிதம்போல மெல்லிய வெள்ளை வட்டத்தின் மேல் குவித்துப் பரப்ப வேண்டும். அந்த வட்டமும் தின்னக்கூடியதுதான். கத்தியைத் தண்ணீரில் நனைத்து, நடுவில் கொஞ்சம் மேடாக, ஓரத்தில் சரிவாக இழுத்துவிட வேண்டும். நான் செய்தவை எறும்புப் புற்று மாதிரி நின்றன. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. என் புற்றுகளை மட்டும் தனித் தட்டில் வைத்தார்.

அதன் பிறகு சந்தைக்கும் போனேன். அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகள்) முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை திறந்து, டிசம்பர் 24 வரை நடக்கும். ஹாப்ட்மார்க்ட் சதுக்கம் முழுக்க மரக்கடைகள், மேலே சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணி. உலர்ந்த பிளம் பழத்தைக் கோத்துப் பொம்மை செய்து விற்பார்கள், தலைக்கு ஒரு வால்நட் கொட்டை. சாசேஜ் கடைப் புகையை மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினோம். எல்லாரும் சூடாக மசாலா ஒயின் குடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கென்று அதே மசாலாவில் பழச்சாறு உண்டு, கிண்டர்புன்ஷ். கடைக்காரரிடம் மூன்று கிண்டர்புன்ஷ் கேட்டேன். என்னையும் மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எங்கே என்று எட்டிப் பார்த்தார். மூன்று பிள்ளைகளும் நாங்கள்தான் என்றேன்.

பீங்கான் குவளைக்கு முன்பணம் வாங்கிக்கொள்வார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். நாங்கள் கொடுக்கவில்லை. இப்போது உம்மா அதில்தான் சாயா குடிக்கிறார்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது மரோனி. சுட்ட கஷ்கொட்டை. ஓடு வெடித்துக் கரி பூசிய கொட்டைகளைக் காகிதக் கூம்பில் போட்டுத் தருவார்கள். தோலை உரிக்கையில் விரல் சுடும். உள்ளே மாவாக, லேசான இனிப்பாக… அவித்த பனங்கிழங்கேதான்! நார் மட்டும் இல்லை. சாயல்குடிப் பக்கம் தை மாதத்தில் கட்டுக்கட்டாக வருமே, அது. பனியில் கால் விறைக்க நின்றுகொண்டு இரண்டு கூம்பு காலி செய்தேன். மாப்பிள்ளைக்கு இரண்டு கொட்டை கொடுத்திருப்பேன்.

பாட்டிக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டுமே. கீழக்கரைக்காரி வேறு என்ன செய்வாள், அல்வா மாதிரிக் கிண்டும் எங்கள் ஊர் இனிப்பு தொதல்தான். அரிசிமாவு, ஊரிலிருந்து வந்த கருப்பட்டி, முந்திரி எல்லாம் இருந்தன. தேங்காய்ப்பால் டின்னில். இரண்டு மணி நேரம் கிண்டியும் எண்ணெய் பிரியவில்லை, களிபோலச் சட்டியிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. உம்மாவுக்கு வீடியோ போட்டுக் காட்டினால், "கையை நிறுத்தாம கிண்டுடி" என்பதைத் தவிர வேறு வைத்தியம் தெரியாது. டின்னைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: பால் பிரியாமல் இருக்கக் கோந்து சேர்த்திருக்கிறார்கள். தொதலுக்கு எண்ணெய் பிரிந்தே ஆக வேண்டும், அவர்களோ பிரியவே கூடாது என்று கட்டிவைத்திருக்கிறார்கள். தேங்காயும் தண்ணீரும் மட்டும் போட்ட டின்னைத் தேடிப் பிடித்து அடுத்த வாரம் மறுபடி கிண்டினேன். மூன்று மணி நேரத்தில் பளபளவென்று எண்ணெய் கக்கியது. ஜன்னலெல்லாம் ஆவி படிந்து, மகன் அதில் படம் வரைந்துகொண்டிருந்தான். அந்தச் சாயங்காலம் நாலேகாலுக்கு இருட்டியதே எனக்குத் தெரியவில்லை.

ஆறட்டும் என்று பால்கனியில் வைத்தேன். குளிர்காலத்தில் அங்கே பால்கனிதான் எல்லாருக்கும் இரண்டாவது ஃபிரிட்ஜ். காலையில் பார்த்தால் தொதல் கல்லாகியிருந்தது, மேலே வெள்ளையாக ஒரு படலம். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும் என்பதை நம் ஊரில் யார் நினைத்துப் பார்க்கிறோம்? பாட்டி தட்டை வாங்கி உற்றுப் பார்த்தார். பூசணம் என்று நினைத்துவிட்டார், முகம் சொன்னது. வாங்கி ஹீட்டர் மேல் கால் மணி நேரம் வைத்தேன். கறுப்பாக மினுங்கி வந்தது. ஒரு துண்டை வெகுநேரம் மென்றார். பிறகு, இதில் எத்தனை சதவீதம் மாவு என்று கேட்டார்.

இந்த முறை கிளம்பும்போது அவர் ஒரு தகர டப்பா நிறைய லெப்குகன் கொடுத்தார், பாதிக்கு மேல் சாக்லேட் பூசியது. காய்ந்துபோகாமல் இருக்க டப்பாவில் ஆப்பிள் துண்டு ஒன்று போட்டு வை, மெத்தென்று இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

கீழக்கரைக் காற்றுக்கு ஆப்பிள் எதற்கு? நேற்று மத்தியானம் திறந்து வைத்தது, அஸருக்குள் தொளதொளவென்று ஆகிவிட்டது. சாக்லேட் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. உம்மம்மா ஒன்றைப் பிய்த்துச் சாயாவில் நனைத்து வாயில் போட்டார். "நெய்ச்சோத்து மசாலாவில யாருடி சீனியைக் கொட்டுனது?" என்றார். கேட்டுக்கொண்டே அடுத்ததைப் பிய்க்கக் கை டப்பாவுக்குள் போனது.