புதுப் பேரலும் நீலக் கறையும்

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரிக்கிறவனாக இருந்தபோது, புதுப் பேரலைப் பழக்குவது, அதாவது சுட்டுச் சுட்டுச் சுத்தம் செய்து உட்புறத்தை வழவழப்பாக்குவது என்ற பேச்சே எங்கள் பட்டறையில் எழுந்ததில்லை. இன்சாஸ் ரைஃபிளின் பேரலுக்கு உள்ளே குரோமியம் பூசியிருக்கும். கிரீஸைத் துடைத்து, ஜீரோ போட்டு, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்து கொடுத்தால் வேலை முடிந்தது. போட்டி ரைஃபிள்கள் என் பொறுப்புக்கு வந்த பிறகுதான் கதை மாறியது. 300 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். அதற்குள் சுட்டு அடுக்குகிறவர்கள் பேரல் விஷயத்தில் சின்ன சந்தேகத்தைக்கூடப் பொறுக்க மாட்டார்கள்.

நல்ல போட்டிப் பேரலின் உட்புறத்தை, உள்ளே சுருளாக ஓடும் பள்ளங்களான ரைஃப்ளிங்கின் போக்கிலேயே கையால் தேய்த்து மெருகேற்றி அனுப்புவார்கள். தோட்டா உட்காரும் அறையான சேம்பரை வெட்டுவது அதற்கு அப்புறம். அதை வெட்டும் கருவியான ரீமர் சுழன்று வெட்டும்போது த்ரோட்டில், அதாவது குண்டு ரைஃப்ளிங்குக்குள் நுழையும் இடத்தில், குண்டு போகும் திசைக்குக் குறுக்கே நுண்ணிய கோடுகள் விழுந்துவிடும். அவை குண்டின் செம்பு உறையைச் சுரண்டும். சுரண்டிய செம்பு வெடிவாயுவின் சூட்டில் ஆவியாகி, முன்னே போய்ப் பேரலில் படியும். சுடச் சுடத்தான் கோடுகள் மழுங்கும். ஆனால் அவற்றின்மேல் செம்பு ஏறிவிட்டால் அடுத்த குண்டு உலோகத்தைத் தொடாது. ஒரு ரவுண்டு சுட்டு ஒருமுறை சுத்தம் செய்வது இதற்காகத்தான்.

அமெரிக்காவின் க்ரீகர் போன்ற பேரல் நிறுவனங்கள் இதைப் பரிந்துரைக்கின்றன. அதே நாட்டில் பேரல் செய்த கேல் மெக்மில்லன் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஒவ்வொரு ரவுண்டும் பேரலின் ஆயுளில் கழிகிறது என்பது அவர் வாதம். அதுவும் உண்மைதான். அதனால் நான் ரவுண்டுக் கணக்கு வைப்பதில்லை, துணியைத்தான் பார்ப்பேன்.

அம்மோனியா கலந்த கரைசலில் நனைத்த சின்னத் துண்டுத் துணியைச் சேம்பர் பக்கமிருந்து தள்ளினால், முதலில் வெடிமருந்தின் கரி வரும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு அடுத்த துணியைத் தள்ளினால் ஓரங்களில் மயில்கழுத்து நீலம் தெரியும். அது செம்பு. ரவுண்டுக்கு ரவுண்டு அந்த நீலம் வெளிறிக்கொண்டே வரும். சில பேரல்களில் நாலைந்து ரவுண்டிலேயே போய்விடும், சிலவற்றில் இழுக்கும். துணியைத் தள்ளும் ராடின் நுனியில், துணியைப் பிடிக்கும் ஜாக் பித்தளையாக இருந்தால் அந்தப் பித்தளையே நீலம் விடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பேரல் சுத்தமாக இருக்கும்போதே இன்னும் செம்பு வருகிறது என்று தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். இப்படி ராடு போட்டே த்ரோட்டையும் பேரல் முனையையும் கெடுத்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அணிக்குப் புதிதாக வந்த ஒரு பையன், எத்தனை ரவுண்டு சுட்டுச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எங்கிருந்தோ எழுதிக்கொண்டு வந்த பட்டியலோடு நின்றான். "சார், லிஸ்ட்ல இன்னும் பாதி பாக்கி இருக்கே?" என்றான். நைலான் ஜாக்கில் கடைசியாக வந்த துணியை அவன் கையில் கொடுத்தேன். வெயிலில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நீலமே இல்லை. "சரி, போய் ஜீரோ போடுப்பா" என்றேன்.