‘தீபன்’ படத்துக்குப் பின்னால் நின்றவர்கள்

2015இல் கான் திரைப்பட விழாவின் உயரிய தங்கப்பனை விருதை வென்ற, பிரான்ஸில் தஞ்சமடைந்த ஈழத்தமிழ் அகதிகளின் கதையான ‘தீபன்’ குறித்துக் கொழும்பு வெள்ளவத்தையில் பேச்செடுத்தால், அது ஷோபாசக்தியின் நடிப்போடும் இயக்குநர் ஜாக் ஓதியாரோடும் நின்றுவிடுகிறது. வசனத்தின் பெரும்பகுதி தமிழிலேயே அமைந்த ஒரு பிரெஞ்சுப் படத்துக்குப் பணம் போடத் துணிந்த வை நாட் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனத்தை எவரும் நினைப்பதில்லை.

பஸ்கால் கோஷ்தோவும் கிரெகுவார் சொர்லாவும் 1990இல் தொடங்கிய இந்தச் சுயாதீன நிறுவனம், பிரெஞ்சு இயக்குநர் ஆர்னோ தெப்ளஷானின் தொடக்ககாலப் படங்களையும், ஓதியாரின் சிறைக் கதையான ‘ஒரு தீர்க்கதரிசி’யையும் (2009) தயாரித்தது. பிரான்ஸில் விற்கும் ஒவ்வொரு திரையரங்கு நுழைவுச்சீட்டிலும் 10.72 சதவீதம் வரியாகப் பிடிக்கப்பட்டு மீண்டும் திரைத்துறைக்கே திரும்புவதால்தான் இத்தகைய நிறுவனங்களால் மூச்சுவிட முடிகிறது. நம் நாட்டுத் தமிழ்ப்பட முயற்சிகளுக்கு அப்படியோர் ஆதரவு கிடைத்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு எப்போதும் உண்டு.

‘தீபனில்’ ஒரு காட்சி: இருட்டில் வண்ண விளக்குகள் மட்டும் மினுங்குகின்றன; அவை மெல்ல நெருங்கி வரும்போதுதான், பாரிஸ் தெருவில் விளையாட்டுப் பொருள் விற்கும் முன்னாள் போராளியின் தலையில் அணிந்த பட்டி அது என்று தெரிகிறது. இறுதிப் பகுதியின் துப்பாக்கிச் சண்டை எனக்கு உடன்பாடானதன்று. ஆயினும் அந்த ஒரு காட்சி அகதி வாழ்வின் அவமானத்தை வசனமின்றியே சொல்லிவிடுகிறது.

மறு ஆண்டே, வை நாட் இணைந்து தயாரித்த, பிரித்தானிய இயக்குநர் கென் லோச்சின் ‘நான், டேனியல் பிளேக்’ படமும் தங்கப்பனையை வென்றது.