சித்தன்னவாசலும் பத்து நிமிட வீடியோவும்

புதுக்கோட்டை வட்டாரத்துப் பயண வீடியோக்களைக் கடந்த சில மாதங்களாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுவிடாமல் பார்த்து வருகிறேன். அக்கா மகன் சிறியதாக ஒரு யூடியூப் சேனல் தொடங்கியிருக்கிறான். அதற்கான வரலாற்றுக் குறிப்புகளை எழுதித் தருவது மாமாவின் வேலை என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். மற்றவர்கள் எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் பார்க்கத் தொடங்கினேன். சித்தன்னவாசலைப் பற்றி மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட வீடியோக்களைப் பார்த்த பிறகு, அடுத்த காட்சி என்னவென்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன்.

முதலில் ட்ரோன் எழும்பும். பொட்டல் வெளியில் படுத்துக் கிடக்கும் பாறைக்குன்றும் தொலைவில் பனைமரங்களும் தெரியும். பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்கும். பிறகு அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் முன்மண்டபத் தூண்கள் வரும். ‘தென்னிந்தியாவின் அஜந்தா’ என்ற தொடர் தவறாமல் வரும். உள்ளே இருக்கும் ஓவியங்களுக்குக் கிடைப்பது இருபது விநாடி. அடுத்து குன்றின் மேலுள்ள ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்துக்கு மூச்சு வாங்க ஏறும் காட்சி, உச்சியில் காற்றில் பறக்கும் தலைமுடி, அத்துடன் முடிந்தது.

அழகாகப் படம் பிடிப்பதைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் என் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு சித்தன்னவாசலுக்குப் போய் வந்தார். பள்ளியில் பாடமாகப் படித்தபோது அவருக்கு அந்த ஆசை வரவில்லை. என் வருத்தம் வேறு. அந்த இடத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டியதும், எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதும், காதால் கேட்க வேண்டியதும்தான் அதிகம். வீடியோக்களில் காணாமல் போவதும் அவைதான்.

சென்ற மாதம் நாங்களும் போனோம். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் அரை மணி நேரப் பயணம். பாறை வெயிலிலிருந்து குடைவரைக்குள் நுழைந்தவுடன் கண்ணுக்கு எதுவுமே புலப்படவில்லை. உட்புற மண்டபம் இரண்டரை மீட்டர் அகலம்கூட இராது. கையை உயர்த்தினால் விதானம் எட்டிவிடுமோ என்று தோன்றும். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே நின்ற பிறகுதான், பழைய சேலையின் சாயம்போல மங்கிய பச்சையும் காவியும் மெல்லத் துலங்கி, தலைக்கு மேலே ஒரு தாமரைக் குளம் விரிந்தது. பெரும்பாலான வீடியோக்கள் அந்த இரண்டு நிமிடத்தைப் பார்ப்பவருக்குத் தருவதில்லை. கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டு, உள்ளே போன கணமே எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. எல்லாம் தெரிந்துவிடுவதால் எதையும் தேட வேண்டியதில்லை.

அந்தக் குளத்தில் மொட்டும் மலரும் இலையுமாகத் தாமரைகள் நெருங்கி நிற்க, இடையிடையே மீன்களும் நீர்ப்பறவைகளும் யானையும் எருமையும் தெரிகின்றன. பூப்பறிக்கும் மூவரில் ஒருவருடைய கையில் பூக்கூடை தொங்குகிறது. இன்னொருவர் தாமரைகளைத் தண்டோடு தோளில் சாய்த்துக்கொண்டு, கரையேறப் போகிறவர்போல நிற்கிறார். இதை வெறும் இயற்கைக் காட்சி என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். சமண மரபில் தீர்த்தங்கரர் அறமுரைக்கும் அவைக்குச் சமவசரணம் என்று பெயர். அந்த அவைக்குச் செல்லும் பக்தர்கள் வழியில் இறங்கிப் பூக்கொய்யும் பொய்கைதான் இது என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், கூடை வைத்திருப்பவர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்பது விளங்கிவிடுகிறது. கருவறைச் சுவரில் அமர்ந்திருக்கும் மூன்று திருவுருவங்கள் நமக்கு நேர் எதிரே சில அடி தூரத்தில்தான் இருக்கின்றன.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முதல் வீடியோவுக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பில், இக்குடைவரை முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் பணி என்று எழுதியிருந்தேன். எங்கள் காலத்தில் அப்படித்தான் படித்தோம். பாதி வீடியோக்கள் இன்றும் அப்படியே சொல்கின்றன, ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்வதால். ஆனால் குகை முகப்பின் பக்கத்துப் பாறையில், எல்லோரும் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளும் இடத்துக்குச் சில அடி தள்ளி, ஒரு தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டு இருக்கிறது. அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டிய மன்னன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தார் என்பது அதன் செய்தி. அதாவது 9ஆம் நூற்றாண்டு. குகை முதலில் எப்போது குடையப்பட்டது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஓவியங்களைப் பாண்டியர் காலத்தவை என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். வீடியோக்களில் கம்பீரமாக எழுந்து நிற்கும் முன்மண்டபத் தூண்களோ இளங்கௌதமன் காலத்தவையும் அல்ல. குடுமியான்மலையில் இடிந்து கிடந்த மண்டபத்துத் தூண்களைக் கொண்டுவந்து 20ஆம் நூற்றாண்டில் இங்கே நிறுத்தினார்கள். அந்தக் கோயிலில் மிகப் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததுதான் மிக அதிகமாகப் படம் பிடிக்கப்படுகிறது.

ஏழடிப்பட்டத்திலும் இதே கதைதான். குன்றின் மேல் இயற்கையாக அமைந்த அந்தக் குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலைமாட்டில் தலையணைபோல மேடு விட்டுச் செதுக்கி, உடம்பு படும் இடத்தை வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார்கள். அவற்றுள் பெரிய படுக்கையில், கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்துத் தமிழ் பிராமி எழுத்துகள் உள்ளன. எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்காக இளையர் செய்து கொடுத்த இருக்கை என்ற செய்தி அதிலிருந்து கிடைக்கிறது. இருக்கையைக் குறிக்க அதிட்டானம் என்ற சொல்லே வந்திருக்கிறது. நான் பார்த்த வீடியோ ஒன்றில் ஒருவர் அந்த எழுத்துகளுக்கு முதுகைக் காட்டியபடி நின்று, குகையின் மர்மங்களைப் பற்றி நான்கு நிமிடம் பேசினார்.

அதே வட்டாரத்திலுள்ள நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம் கோயிலுக்கு மட்டும் ட்ரோன் காட்சி நியாயம் செய்கிறது என்று ஒப்புக்கொள்வேன். மேற்கு நோக்கிய அந்தக் கற்றளியைச் சுற்றிச் சிறு கோயில்கள் நிற்கும் ஒழுங்கு, மேலிருந்து பார்த்தால்தான் நன்றாகப் பிடிபடுகிறது. உள்ளே கருவறை வட்டம், வெளிச்சுவர் சதுரம் என்பதைக் காட்ட எந்த ட்ரோனாலும் முடியாது என்பது வேறு விஷயம். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் மேல் அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்பதால், மருமகன் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். வழி முழுக்க முகம் வாடியிருந்தது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது குடுமியான்மலை வீடியோக்களைப் பார்த்தபோதுதான். அங்கே மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில், ஏறத்தாழ 4 மீட்டர் உயரமும் அகலமுமாக ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்கு உரிய சுரங்களை நான்கு நான்காகக் கோத்து வெட்டியிருக்கிறார்கள். உருத்திராசாரியாரின் மாணவரான ஓர் அரசர் மாணவர்களின் நன்மைக்காக இதை இயற்றினார் என்ற குறிப்பும், ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’ என்ற தமிழ் வரியும் அதில் உண்டு. பாட்டுப் பயில்கிறவர்களுக்காகப் பாறையில் எழுதிவைத்த பாடம் அது. அதன் மேல், எங்கோ இலவசமாகக் கிடைத்த பின்னணி இசையை ஓடவிட்டு, எட்டு விநாடி காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சுரங்களில் ஒரு வரியைப் பாடத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கலாம். அதற்கு வழியில்லை என்றால், பாறையை மூடியிருக்கும் அமைதியையாவது அப்படியே விட்டிருக்கலாம்.

அறிவர் கோயிலில் இருந்த காவலர், நாங்கள் விளக்கைப் பொருத்தப் போனதைப் பார்த்துத் தடுத்தார். “லைட்டெல்லாம் வேணாம் தம்பி, ஓவியத்துக்கு ஆகாது” என்றவர், அதற்கு ஈடு செய்வதுபோல எங்களைக் கருவறைக்குள் கூட்டிச் சென்று நடுவில் நிற்கச் சொன்னார். “மூச்சை நல்லா இழுத்து, வாயைத் தொறக்காம ம்ம்னு சொல்லிப் பாருங்க.” நான் தயங்கினேன், மருமகன் செய்தான். அவன் நிறுத்திய பிறகும் அந்த ஒலி நிற்கவில்லை. மூன்று மீட்டர் சதுரத்துக்குள், வெளியே யாரோ பெரிய குடத்தைத் தட்டிவிட்டதுபோலச் சுவர்கள் அதிர்ந்தன. என் நெஞ்செலும்பில் அதை உணர்ந்தேன். இதைப் பற்றி நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீடியோவை வெளியிட்டான். மகேந்திரவர்மன் இல்லை, இளங்கௌதமன் இருந்தார். கருவறையில் பதிவான ஒலியை இசை எதுவும் சேர்க்காமல் நாற்பது விநாடி ஓடவிட்டிருந்தான். அந்த நேரம் முழுவதும் திரையில் ஏறக்குறைய இருட்டு. பெருமையாகத்தான் இருந்தது. முகப்புப் படத்தில் மட்டும் கண்களை அகல விரித்துக்கொண்டு, சிவப்பு எழுத்தில் ‘மர்மக் குகை!’ என்று போட்டிருந்தான். தொலைபேசியில் கேட்டேன். “அது இல்லேன்னா யாரு மாமா உள்ள வருவா?” என்றான்.