கோபுரத்துக்கும் குவிமாடத்துக்கும் நடுவில்

பாரிஸில் கார் தெ லெஸ்த் நிலையத்தில் பி (P) லைன் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ப்ரொவேன் என்ற ஊர் வந்துவிடும். ஒரு நாட்காட்டிக்காக அந்த ஊரின் ஸ்கைலைன், அதாவது வானத்தோடு சேர்ந்து தெரியும் அதன் விளிம்பு, வேண்டும், ஒரே படம், அகலவாக்கில் என்று கேட்டிருந்தார்கள். ஒரே படம்தானே, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினேன். மூன்று முறை போக வேண்டியதாயிற்று.

முதல் முறை ஜூலை மாதம், உச்சி வெயில். ஊருக்கு வெளியே வயலோரம் நின்று வைட் லென்ஸில் எடுத்தேன். படம் முழுக்க வானமும் வயலும்தான், நடுவில் ஊர் ஒரு நூல் மாதிரி கிடந்தது. வெக்கையில் தூரத்துக் கல்லெல்லாம் வெளிறியிருந்தது. படம் திரும்பி வந்துவிட்டது, கூடவே ஒரு கேள்வியும்: ஊருக்கு மேலே தெரியும் கோபுரத்தையும் தேவாலயத்தின் குவிமாடத்தையும் கம்ப்யூட்டரில் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தித் தர முடியுமா?

பத்து நிமிட வேலைதான், ஆனால் எனக்கு மனம் வரவில்லை. கீழே சதுரமாகவும் மேலே எண்கோணமாகவும் நிற்கும் அந்தக் கோபுரத்துக்குச் சீசர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள், கட்டியது என்னவோ 12-ஆம் நூற்றாண்டில். ஷாம்பெயின் என்ற வட்டாரத்தில் நடந்த பெரிய சந்தைகளுக்காக இத்தாலியிலிருந்தும் ஃபிளாண்டர்ஸிலிருந்தும் வணிகர்கள் வந்துபோன காலம் அது. பக்கத்தில் உள்ள சேன் கிரியாஸ் தேவாலயத்தையும் அதே நூற்றாண்டில் மிகப் பெரிதாகத் தொடங்கினார்கள், பணம் போதாமல் பாதியில் நின்றுபோனது. 1662-இல் தீப்பிடித்த பிறகு வந்ததுதான் இப்போதுள்ள குவிமாடம். தேவாலயத்துக்கென்று மணிக்கூண்டு இல்லை. அதன் மணிகள் சீசர் கோபுரத்தில்தான் தொங்குகின்றன. அதாவது தேவாலயம் ஓரிடத்தில், அதன் குரல் இன்னோரிடத்தில். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை நான் எப்படிக் குறைப்பது?

அதனால் இரண்டாம் முறை நடப்பதற்கென்றே போனேன். குன்றைச் சுற்றி நடந்தால் ஒவ்வொரு நூறு அடிக்கும் இரண்டும் நெருங்குகின்றன, விலகுகின்றன, ஓரிடத்தில் ஒன்று மற்றொன்றை மறைத்தே விடுகிறது. அவர்கள் கேட்ட நெருக்கம் நின்று பார்க்கும் இடத்திலேயே இருந்தது. இன்னும் பின்னால் போய் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 200 மிமீ லென்ஸ் போட்டபோது வீட்டுக் கூரைகளெல்லாம் கோபுரத்தின் காலடிக்கு ஏறி வந்துவிட்டன, ஊர் கெட்டியாகத் தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் குறுக்கே ஓர் அடுக்குமாடி இல்லை. பிரான்ஸில் 1943-இல் வந்த சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் அதனோடு சேர்ந்து கண்ணில் படும்படி எதைக் கட்டுவதென்றாலும் அரசுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் வேண்டும். 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்வதற்குப் பல காலம் முன்பிருந்தே இந்த ஸ்கைலைனை யாரோ ஒருவர் கையெழுத்துக்குக் கையெழுத்து காவல் காத்து வந்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

மூன்றாவது முறை அக்டோபர் கடைசி வாரம். முந்தின இரவே போய்க் குன்றடியில் இருக்கும் கீழூரில் தங்கிவிட்டேன். வூல்ஸி, துர்தேன் என்று இரண்டு சிற்றாறுகள் அங்கே ஓடுகின்றன, குளிர்ந்த விடியலில் பனிமூட்டம் அவற்றின் மேலிருந்துதான் எழும்பும். இருட்டிலேயே ட்ரைபாடை ஊன்றிக் காத்திருந்தேன். கீழூர் முழுக்க மூட்டத்தில் முங்கிவிட, மேலே கோபுரமும் குவிமாடமும் மட்டும் கறுப்பாக நின்றன. எக்ஸ்போஷரை, அதாவது ஒளி அளவை, வானத்துக்கு வைத்துப் பதினோரு படம் எடுத்தேன், அப்புறம் வெயில் ஏறி மூட்டம் கலைந்துவிட்டது.

நான்காவது படத்தை அனுப்பினேன். நகர்த்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.