ஆங்கிலக் கவிதை வினாவுக்கு எப்படி விடை எழுதுவது: ஒரு சவுக்கு மரத்தை முன்வைத்து

பிளஸ் டூ ஆங்கிலத் தாளில் கவிதைக்கு மட்டும் ஏறத்தாழ இருபது மதிப்பெண் இருக்கிறது. வரிகளைக் கொடுத்துக் கேட்கும் 2 மதிப்பெண் வினாக்கள், தமிழ்த் தாளில் வருவதைப் போலவே இடஞ்சுட்டிப் பொருள் விளக்கும் 3 மதிப்பெண் வினாக்கள், பிறகு ஒரு 5 மதிப்பெண் பத்தி. உரைநடைப் பாடத்தைச் சொந்தமாக எழுதும் பிள்ளைகள்கூடக் கவிதை என்று வந்துவிட்டால் கைடைத்தான் நம்புகிறார்கள். கைடோ எல்லாக் கவிதைக்கும் ஒரே சட்டையைத் தைத்து வைத்திருக்கிறது: ‘இது உவமை, கவிஞர் இயற்கையை அழகாக வர்ணிக்கிறார்.’ வகுப்பு முழுவதும் அதையே எழுதினால் திருத்துகிறவருக்கு யாரைப் பார்த்தும் முழு மதிப்பெண் போட மனம் வராது.

மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி, பொதுத்தேர்வு விடைத்தாள்களும் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன். அணியின் பெயரைச் சொன்னால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். அந்த அணி அந்த இடத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்குக் கவிதையை நாமே படித்தாக வேண்டும், வேறு வழியில்லை.

பாடநூலில் இருக்கும் ‘அவர் கேசுவரினா ட்ரீ’ (Our Casuarina Tree) கவிதையையே எடுத்துக்கொள்வோம். எழுதியவர் தோரு தத். 1856-இல் கல்கத்தாவில் பிறந்து, 1877-இல் காசநோயால் 21 வயதில் இறந்துபோனவர். கேசுவரினா என்பது வேறொன்றும் இல்லை, நம் கடலோர ஊர்களில் தோப்புத் தோப்பாக நிற்கிற சவுக்கு மரம்தான். இதைத் தெரிந்துகொள்ளாமலேயே அந்தப் பாடத்தை முடித்துவிடுகிற பிள்ளைகள் உண்டு.

முதல் வரியிலேயே ஒரு மலைப்பாம்பு வருகிறது. பெரிய மலைப்பாம்பு சுற்றிச் சுற்றி ஏறுவதைப்போல ஒரு கொடி அந்த மரத்தில் உச்சி வரை ஏறியிருக்கிறது. மரத்தின் உடம்பெல்லாம் ஆழமான தழும்புகள். அந்தப் பிடியில் சிக்கினால் வேறு எந்த மரமும் பிழைத்திருக்காது என்கிறார் கவிஞர். அடுத்து ‘ஆனால்’ என்று தொடங்குகிறார்: அந்த ராட்சத மரம் கொடியைக் கழுத்துத் துண்டுபோல மிடுக்காக அணிந்திருக்கிறதாம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பாம்பு என்று தொடங்கியது ஐந்தாறு வரிக்குள் கழுத்துத் துண்டாகிவிட்டது. கொடி மாறவில்லை, அதே கொடிதான். உயிரை நெரிக்க வந்ததை அணிகலனாக ஆக்கிக்கொள்ளும் தெம்பு அந்த மரத்துக்கு இருக்கிறது என்பதை ஒரு உவமையையும் ஒரு உருவகத்தையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லிவிட்டார். ‘இவ்வரியில் உள்ள அணி உவமை, கொடி மலைப்பாம்புக்கு ஒப்பிடப்படுகிறது’ என்று மட்டும் எழுதினால் சரியான விடைதான், ஆனால் ஒல்லியான விடை. ‘இறுக்கிக் கொல்லும் பாம்போடு ஒப்பிட்டதால் கொடியின் பிடி எவ்வளவு கொடியது என்று தெரிகிறது, அதையே துண்டாக அணிந்து நிற்பதால் மரத்தின் வலிமை தெரிகிறது’ என்று இரண்டு எளிய ஆங்கில வாக்கியங்கள் சேர்த்துப் பாருங்கள். இதற்குப் பெரிய ஆங்கிலம் வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலமே போதும்.

‘ஆனால்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போவது நல்ல பழக்கம். பெரும்பாலான கவிதைகள் ஏதாவது ஓரிடத்தில் திரும்பும். அந்தத் திருப்பத்தில் ‘ஆனால்’, ‘இருந்தும்’, ‘ஆகவே’ என்று ஏதேனும் ஒரு சொல் பெரும்பாலும் காவல் நிற்கும். இந்தக் கவிதையின் பெரிய திருப்பம் மூன்றாம் பத்தியின் தொடக்கத்தில் இருக்கிறது. இரண்டு பத்தி முழுக்க மரத்தின் அழகு: கருஞ்சிவப்புப் பூங்கொத்துகள், இரவெல்லாம் ஓயாத பறவைப் பாட்டு, உச்சியில் சிலைபோல உட்கார்ந்து சூரிய உதயத்தைப் பார்க்கும் குரங்கு, குளத்தில் அல்லிகள். பிறகு கவிஞர் சொல்கிறார்: ஆனால் இந்த அழகுக்காக இந்த மரம் எனக்குப் பிரியமானதில்லை, இதன் அடியில் நாங்கள் விளையாடினோம், அதற்காக.

அந்த ‘நாங்கள்’ யார் என்ற கேள்வி வரும்போதுதான் கவிஞரின் வாழ்க்கை உதவுகிறது. அண்ணன் அப்ஜு 1865-இல் இறந்தார், அக்கா ஆரு 1874-இல் இறந்தார். மூன்று பிள்ளைகளில் கடைசியாக எஞ்சியவர் தோரு. ஐந்து மதிப்பெண் பத்தியில் இதற்கு ஒரு வாக்கியம் போதும். பிறந்த ஊர், படித்த ஊர், பிரான்சுக்குப் போனது என்று அரைப்பக்கம் வரலாறு எழுதிவிட்டுக் கவிதைக்கு நான்கு வரி ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டது கவிதை.

கவிதையின் அந்த மூன்றாம் பத்தியிலேயே தேர்வுக்கு அடிக்கடி எடுக்கத் தகுந்த இடம் ஒன்று வருகிறது. மரத்திலிருந்து ஒப்பாரி போன்ற ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது, கூழாங்கல் கரையில் அலை உடைவதைப்போல. அது மரத்தின் புலம்பல் என்கிறார். ஊசி ஊசியாக இருக்கும் சவுக்கின் கிளைகளில் காற்று நுழைந்தால் அப்படித்தான் ஓசை வரும். மரக்காணம் பக்கமோ கடலூர் பக்கமோ தோப்பு வழியாக நடந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்றின் இயல்பான ஓசை. அதில் கவிஞர் தன் துக்கத்தை ஏற்றிவிட்டார். இது நமக்குத் தெரியாத வித்தையா? சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையில் பறக்கும் கொடிகள் காற்றில் அசைவதைக் கோவலனை ‘வராதே’ என்று கைகாட்டி மறிப்பதாக இளங்கோ சொன்னாரே, தற்குறிப்பேற்ற அணி என்று மனப்பாடம் செய்தோமே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. தமிழ் வகுப்பில் படித்த அணியிலக்கணத்தை ஆங்கில வகுப்பு வாசலில் கழற்றிவைத்துவிட்டு வராதீர்கள். விடைத்தாளில் மட்டும் ஆங்கிலப் பெயரான பெர்சானிஃபிகேஷன் (மனிதரல்லாததை மனிதராகப் பாவிப்பது) என்று எழுதுங்கள்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழியும் உண்டு. வரியின் நடுவில் ஒரு பண்புப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கினால் சந்தேகப்படுங்கள். இந்தக் கவிதையின் கடைசியில் அன்பு, மறதி, அச்சம், நம்பிக்கை, மரணம், காலம் எல்லாமே பெரிய எழுத்தோடு ஆட்களாக நடமாடுகின்றன. மறதியின் சாபத்திலிருந்து அன்பு உன்னைக் காக்கட்டும் என்று மரத்தை வாழ்த்தி முடிக்கிறார். தன் செய்யுள் வலுவற்றது என்றும் அங்கேயே சொல்லிக்கொள்கிறார். நூறாண்டு கழித்தும் அதை நாம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஓசை வினாக்கள் எளிய மதிப்பெண். ஆனால் கண்ணால் பார்த்து விடை எழுதுகிறவர்கள் அங்கே கோட்டை விடுகிறார்கள். நமக்கு எதுகை அடியின் முதலில் வரும். ஆங்கிலக் கவிதையில் பெரும்பாலும் பார்க்க வேண்டியது அடியின் இறுதி, அதாவது நம் இயைபு. எழுத்து ஒத்துப்போனால் போதாது, வாயில் ஒலிக்க வேண்டும். முதல் பத்தியின் பதினோரு வரிகளையும் உரக்கப் படியுங்கள். ரவுண்ட் – பவுண்ட், ஸ்கார்ஸ் – ஸ்டார்ஸ், கேலன்ட்லி – பீ, ஹங் – அமங். கடைசி மூன்று வரியும் ஒரே ஓசை. ஒத்து ஒலிக்கும் வரிகளுக்கு ஒரே எழுத்தைக் கொடுத்துக்கொண்டே போனால் ஏ பி பி ஏ, சி டி டி சி, இ இ இ என்று வரும். மோனையும் அப்படித்தான். ‘கிரீப்பர் கிளைம்ப்ஸ்’, ‘கிரிம்சன் கிளஸ்டர்ஸ்’ என்று சொல்லிப் பார்த்தால் காது காட்டிக்கொடுத்துவிடும். பாடநூலின் இன்னொரு கவிதையான டென்னிசனின் ‘யுலிசீஸ்’ கவிதையில் இயைபே கிடையாது. அதற்கும் ஏ ஏ பி பி என்று எழுதி வைத்திருக்கும் விடைத்தாள்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

இடஞ்சுட்டும் வினாவில் கவிதையின் பெயரும் கவிஞரின் பெயரும் எழுதுவதோடு, பேசுகிறவர் யார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ‘கவிஞர் சொல்கிறார்’ என்ற தொடர் கை பழகிப்போய் எல்லா இடத்திலும் வந்து விழுகிறது. யுலிசீசில் பேசுகிறவர் முதுமையிலும் கடல் பயணத்துக்குத் துடிக்கும் மன்னர். டென்னிசன் அதை எழுதத் தொடங்கியபோது இருபதுகளில் இருந்தார். ‘உலகமே ஒரு நாடக மேடை’ என்ற பகுதியைப் பேசுவது ஷேக்ஸ்பியர் இல்லை, அவருடைய நாடகத்தில் வரும் ஜாக்விஸ் என்ற பாத்திரம். எதையும் கசப்போடு பார்க்கிற ஆள். கடைசிப் பருவத்தில் மனிதனுக்குப் பல்லும் இல்லை, பார்வையும் இல்லை, எதுவுமே இல்லை என்று அவன் சொல்லி முடித்தவுடன், நாடகத்தில் ஓர் இளைஞன் தன் வயதான வேலைக்காரரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறான். முதுமையில் எதுவுமே மிஞ்சாது என்று பேசியவனுக்கு அதுவே பதில். இது பாடநூல் பகுதிக்கு வெளியே இருக்கிறது. ஒரு வரி சேர்த்தால் உங்கள் விடை மற்றவற்றிலிருந்து தனியாக நிற்கும்.

பிரவுனிங்கின் பிரெஞ்சுப் படை முகாம் கவிதையில் இரண்டு உவமைகளைச் சேர்த்துப் படியுங்கள். வெற்றிச் செய்தி கேட்டதும் நெப்போலியனின் திட்டங்கள் தீயைப்போல மேலெழுகின்றன. செய்தி கொண்டுவந்த சிறுவன் காயம்பட்டிருப்பது தெரிந்ததும், அடிபட்ட குஞ்சைப் பார்க்கும் தாய்க்கழுகின் கண்ணில் படலம் மூடுவதைப்போல அவர் கண் கனிகிறது. தனித்தனியாகப் படித்தால் இரண்டும் வெறும் உவமை. ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பேரரசர் தாயாகிவிடுவது தெரியும். 5 மதிப்பெண் பத்திக்கு இந்த ஒரு செய்தியே முதுகெலும்பாக நிற்கும்.

புரியவில்லை என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1920-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர் கவிஞர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைகள்கூட நேரடிப் பொருளிலேயே இடறினார்கள். ஆகையால் முதலில் நேரடிப் பொருளை ஒழுங்காகப் பிடியுங்கள். வாக்கியம் எந்த வரியில் முடிகிறது, வினைச்சொல் எது, அதன் எழுவாய் எது என்று பென்சிலால் குறித்தாலே பாதி இருட்டு விலகிவிடும். கவிதையில் சொற்கள் இடம் மாறி வரும். வரி முடிகிற இடத்தில் வாக்கியம் முடிந்துவிடாது. அணியெல்லாம் அதற்குப் பிறகு.

‘கைடில் இல்லாததை எழுதினால் மதிப்பெண் போடுவார்களா?’ என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். வரியில் ஆதாரம் இருந்தால் போடுவார்கள், நானும் போட்டிருக்கிறேன். வகுப்புத் தேர்வு ஒன்றில் கடலோரக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி அந்த மரத்தின் புலம்பலைப் பற்றி எழுதும்போது, சவுக்குத் தோப்பின் ஓசையும் கடலின் ஓசையும் இரவில் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகக் கேட்கும், அதனால்தான் கவிஞர் மரத்தைச் சொல்லவந்து அலையைச் சொன்னார் என்று எழுதியிருந்தாள். எந்தக் கைடிலும் நான் பார்க்காத விளக்கம். இரண்டு இடத்தில் இலக்கணப் பிழை இருந்தது. அவற்றைச் சிவப்பு மையால் திருத்திவிட்டு முழு மதிப்பெண் கொடுத்தேன்.