ஐஸ்ல இடம் பிடிக்கிற சண்ட: ஒரு ஜூன் மாச நாட்குறிப்பு

2025 ஜூன் 5, வியாழன்

ட்ரைசைட்டில் ஓவர்டைம்ல அடிச்ச கோலோட எட்மன்டன் 4-3 எண்டு ஃபுளோரிடாவ வெண்டு, என்எச்எல் எண்ட வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்குட ஸ்டான்லி கப் ஃபைனல்ட முதல் மெட்ச எடுத்துட்டு. இங்க மட்டக்களப்புல விடிய அஞ்சரைக்குத் தொடங்கினது, முடிய வெயில் ஏறிட்டு. கனடா ஸ்காபரோல இருக்கிற அக்காட மகன் உடனே போன் அடிச்சான், அவனும் அங்க ஒரு டீம்ல டிஃபென்ஸ் விளையாடுறவன். "மாமா, முந்தியும் இவ்வளவு ஸ்பீடாத்தான் விளையாடினவங்களா?" எண்டு கேட்டான். அதுக்கு போன்ல பதில் சொல்லி முடியாது, ஃபைனல் போய் முடியுமட்டும் பழைய மெட்ச் வீடியோக்களயும் சேத்துப் பாத்து இதுல எழுதிக்கிட்டு வாறன், அவனுக்கு அக்கா வாசிச்சுச் சொல்லட்டும்.

ஜூன் 7, சனி

ஃபுளோரிடா 5-4, ரெண்டாவது ஓவர்டைம்ல மார்ஷண்ட் கோல். நல்ல மெட்ச்.

முதல்ல இத விளங்கிக்கணும். ஐஸ ரெண்டு ப்ளூ லைன் மூணு ஸோனாப் பிரிக்கும். 1929 வரைக்கும் என்எச்எல்ல எதிர்ப் பக்கத்து ஸோனுக்குள்ள முன்னுக்கு நிக்கிற ஆளுக்கு பாஸ் குடுக்க ஏலாது, பக்க (ஸ்டிக்கால அடிக்கிற ரப்பர் வட்டு) வச்சிருக்கிறவன் தானே வெட்டிக்கிட்டுப் போகணும், அதால 1928-29 சீசன்ல மொன்றியல் கோலி (வலை காக்கிறவர்) ஹெய்ன்ஸ்வர்த் 44 மெட்ச்ல 22 மெட்ச் ஒரு கோலும் விடாம முடிச்சிருக்கார். அடுத்த சீசன் ரூல மாத்தி எல்லா ஸோனுக்குள்ளயும் முன்னுக்குப் பாஸ் குடுக்கலாம் எண்டு விட்டவங்க. உடனே ஆக்கள் கோலிட மூக்குக்கு முன்னால போய் நிண்டு கோலா அடிச்சுத் தள்ள, சீசன் நடுவுல டிசம்பர்லயே ஓஃப்சைட் ரூலக் கொண்டு வந்தாங்க, பக்குக்கு முதல் நீ ப்ளூ லைனத் தாண்ட ஏலாது எண்டு. எனக்கு இந்த விளையாட்டுட முழுச் சரித்திரமும் இந்த ஒரு சீசனுக்குள்ளயே இருக்கு. ஒருத்தன் ஐஸ்ல இடத்தத் திறப்பான், இன்னொருத்தன் மூடுவான், பிறகு ரூல் எழுதுறவங்க நடுவுல வருவாங்க.

ஜூன் 8, ஞாயிறு

இண்டைக்கு மெட்ச் இல்ல. கச்சான் காத்து அனலா அடிக்குது, வெளிய போக மனமில்ல, 1972 செப்டம்பர் 2 மொன்றியல்ல நடந்த மெட்ச முழுசாப் பாத்தன். கனடாவும் சோவியத்தும். தொடங்கி 30 செக்கன்ல எஸ்பொசிட்டோ கோல் அடிச்சிட்டார், ஏழு நிமிசத்துக்குள்ள 2-0, முடிவு சோவியத் 7-3. கனடா ஆக்கள் தங்கட லேன்ல மேல கீழ போறாங்க, தூரத்துல இருந்து அடிக்கிறாங்க, இல்லாட்டி பக்க மூலைக்குள்ள எறிஞ்சிட்டு ஓடிப் போய் இடிக்கிறாங்க. சோவியத் ஆக்கள் அஞ்சு பேரும் இடம் மாறி மாறிக் குறுக்க ஓடுறாங்க, வழி அடைச்சிருந்தா பக்கக் குடுக்காம பின்னுக்குத் திருப்பிக் கொண்டு போய்த் திரும்ப வாறாங்க. சோவியத் கோச்சா இருந்த தரசோவ் கட்டி வளத்த முறை அது, பெரிய ஐஸ்ல 11 பேர் பந்தால விளையாடுற 'பாண்டி' எண்ட விளையாட்டுல இருந்து வந்த பழக்கமும் சேந்தது. அந்தத் தொடர கனடா 4-3 எண்டு (ஒண்டு சமன்) கடைசில எடுத்தது உண்மதான், ஆனா விளையாட்டு மாறத் தொடங்கினது முதல் மெட்ச்லதான்.

உடனயே மாறல்ல எண்டதும் சொல்லணும். 1974லயும் 75லயும் கப்ப எடுத்தது ஃபிலடெல்பியா, அடிச்சுப் பயமுறுத்தி விளையாடின டீம்.

ஜூன் 10, செவ்வாய்

ஃபுளோரிடா 6-1. எட்மன்டன் டிஃபென்ஸுக்கு மூச்சு விட நேரம் குடுக்கல்ல.

மருமகனுக்காக, பொபி ஓர் எண்ட பழைய டிஃபென்ஸ்காரன்ட வீடியோ தேடி எடுத்தன். அவருக்கு முந்தி டிஃபென்ஸ் எண்டா பின்னுக்கு நிண்டு அடைக்கிறதுதான் பெரும்பாலும். இவர் தன்ட வலைக்குப் பின்னால இருந்து பக்க எடுத்து எதிர்ப் பக்க வலை வரைக்கும் போவார், அவங்க பக்கப் பறிச்சாலும் திரும்ப ஓடி வந்து நிப்பார். 1970லயும் 1975லயும் லீக்லயே கூடப் பொயின்ட் (அடிச்ச கோலும், கோலுக்குக் குடுத்த பாஸும்) எடுத்தது அவர்தான், வேற எந்த டிஃபென்ஸ்காரனும் இண்டைக்கு வரைக்கும் அதச் செய்யல்ல. முழங்கால் மட்டும் நல்லா இருந்திருந்தா எண்டு நினைக்கக் கவலயா இருக்கு.

ஜூன் 13, வெள்ளி

3-0 எண்டு பின்னுக்கு இருந்து எட்மன்டன் 5-4! ட்ரைசைட்டில் திரும்ப ஓவர்டைம்ல. பழைய எட்மன்டன் ஞாபகம் வந்திட்டு, 1981-82ல கிரெட்ஸ்கி 92 கோல், அந்த வருசம் லீக்ல ஒரு மெட்ச்சுக்குச் சராசரி 8 கோல். அவர் வலைக்குப் பின்னால போய் நிப்பார், ஒருத்தரும் காவல் வைக்காத இடம் அது, கோலி எந்தப் பக்கம் பாக்கிற?

அத மூடினது ரெண்டு விசயம். ஒண்டு கோலிமார். பட்ரிக் ரோய் 1986ல கப் எடுத்த நேரத்துல இருந்து முழங்கால் ரெண்டயும் ஐஸ்ல போட்டு கால விரிச்சுக் கீழ்ப் பக்கம் முழுக்க அடைக்கிற முறை பரவினது, உடுப்பும் பேடும் பாரம் குறைஞ்சு பெருசாகினது. மற்றது ட்ராப் எண்ட பொறி. 1995ல லெமேர் கோச்சா இருந்த நியூ ஜேர்சி, ஃபைனல்ல டெட்ரொயிட்ட நாலு மெட்ச்சும் எடுத்து 4-0 எண்டு வீட்டுக்கு அனுப்பினது அதாலதான். துரத்திப் போறல்ல, களப்புல வலைய விரிச்சிட்டு இருக்கிற மாதிரி ரெண்டு ப்ளூ லைனுக்கும் நடுவுல காத்துக்கிட்டு நிப்பாங்க. தன்ட ஸோன்ல இருந்து நடு ரெட் லைனத் தாண்டிப் பாஸ் குடுக்கவும் ஏலாத காலம், பக் வேற எங்க போறது, அதுக்குள்ளதான் வந்து மாட்டும். கெட்டிக்கார வேலதான், ஆனா அந்த மெட்சுகளப் பாக்கேக்க எனக்கு விசர் வரும். 2003-04ல சராசரி 5 கோல் சொச்சத்துக்கு இறங்கிட்டு.

ஜூன் 15, ஞாயிறு

ஃபுளோரிடா 5-2. 2004-05 சீசன் முழுக்க லொக்கவுட்ல (சம்பளப் பிரச்சினையில டீம் முதலாளிமார் லீக்க மூடினது) போனது, திரும்ப வரேக்க ரெட் லைன் பாஸ் தடைய எடுத்தாங்க, ஸ்டிக்கால கொக்கி போட்டு இழுக்கிறதுக்கெல்லாம் பெனல்டி இறுக்கினாங்க. எட்மன்டன்ட மக்டேவிட் மாதிரி ஒரு ஆள் முழு ஸ்பீடுல நடு ஐஸத் தாண்டுறார் எண்டா அந்த ரூல் திறந்து விட்ட இடத்துலதான். 90கள்ல எண்டா இடுப்புல ரெண்டு ஸ்டிக் கிடக்கும்.

ஜூன் 18, புதன்

முடிஞ்சுது. ஃபுளோரிடா 5-1, ரைன்ஹார்ட் தனிய 4 கோல், கப் ரெண்டாவது தரமாத் தொடர்ந்து அவங்களுக்கு. எனக்கு எட்மன்டன்தான் விருப்பம், ஆனா ஃபுளோரிடா செஞ்சத மதிக்கணும். ட்ராப் நடுவுல காத்து நிண்டது, இவங்க எதிராளிட மூலைக்கே போய் டிஃபென்ஸ்காரன் பக்கத் தொடமுதல் ஆள நெருக்கிடுவாங்க, மக்டேவிட்டுக்குப் பாஸ் போனாத்தானே ஸ்பீடு.

இத உடைக்க நல்ல வழி, பக்கக் கையாளத் தெரிஞ்ச கோலி வெளிய வந்து எடுத்து டிஃபென்ஸுக்குக் குடுக்கிறது. நியூ ஜேர்சி கோலி புரோடியர் அதுல மன்னன். அதுக்குத்தான் 2005ல வலைக்குப் பின்னால கோடு கீறி, ரெண்டு மூலைக்குள்ளயும் கோலி பக்கத் தொட ஏலாது எண்டு வச்சவங்க. இருபது வருசமாகிட்டு, அந்தக் கோட்ட இனி அழிச்சா நல்லம்.